பிபி மாத்திரையோடு வேறு மாத்திரை போடலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருந்துக் கடை கவுண்டரில் நிற்கும் எனக்கு தினமும் வரும் கேள்வி இது: "நான் பிபி மாத்திரை போடுறேன், கூட இதையும் போடலாமா?" கேட்பவர்களாவது பரவாயில்லை. கேட்காமலேயே வாங்கிப் போகிறவர்களை நினைத்தால்தான் எனக்குக் கவலை. பிபி மாத்திரையைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள் நிறைய பேர். ஆனால் பெரும்பாலும் சிக்கலைக் கொண்டு வருவது தலைவலி, சளி, மூட்டு வலி என்று சீட்டில்லாமல் நாமே வாங்கிப் போடும் மாத்திரைதான்.

திரும்பத் திரும்பக் கேட்கப்பட்ட கேள்விகளை, கேட்டவர்கள் பேச்சிலேயே இங்கே கொடுத்திருக்கிறேன். பதில்கள் பொதுவானவை. சிறுநீரகக் கோளாறு, இதயச் செயலிழப்பு, ஏற்கெனவே பக்கவாதம் வந்தது என்று ஏதாவது இருந்தால், இதைப் படித்துவிட்டு உங்கள் டாக்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.

நான் போடுறது எந்த வகை பிபி மாத்திரைன்னு எப்படித் தம்பி தெரிஞ்சுக்கிறது?

அட்டையில் பெரிய எழுத்தில் இருப்பது கம்பெனி வைத்த பெயர். அதற்குக் கீழே சின்ன எழுத்தில் இருப்பதுதான் மருந்தின் பெயர். அதைப் படியுங்கள், கண் தெரியாவிட்டால் பேரப்பிள்ளைகளை விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். 'டிபின்' என்று முடிந்தால் (அம்லோடிபின், சில்னிடிபின்) அது ரத்தக் குழாயைத் தளர்த்தும் வகை. 'சார்டான்' என்று முடிந்தால் (டெல்மிசார்டான், லோசார்டான்) ஒரு வகை. 'பிரில்' என்று முடிபவை (எனாலபிரில், ராமிபிரில்) அதற்கு நெருங்கிய சொந்தம். 'லால்' என்று முடிந்தால் (அட்டெனலால், மெட்டோபுரோலால்) நாடித் துடிப்பைக் குறைக்கும் வகை. ஹைட்ரோகுளோரோதயசைடு, குளோர்தாலிடோன் போன்றவை சிறுநீரை அதிகம் போகவைத்து உப்பை வெளியேற்றும் நீர் மாத்திரைகள்.

இப்போது ஒரே மாத்திரையில் இரண்டு மூன்று மருந்தைச் சேர்த்து விற்கிறார்கள். பெயருக்குப் பின்னால் 'எச்' என்றிருந்தால் பெரும்பாலும் ஹைட்ரோகுளோரோதயசைடு சேர்ந்திருக்கும். 'ஏஎம்' என்றால் அம்லோடிபின், 'ஏடி' என்றால் அட்டெனலால். "நான் ஒரே ஒரு மாத்திரைதான் போடுறேன்" என்று சொல்பவர் உண்மையில் மூன்று மருந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கலாம். கீழே வரும் பதில்களில் உங்கள் மாத்திரை எந்த வகை என்பது முக்கியம். அதனால்தான் இதை முதலில் சொல்கிறேன்.

தலைவலி, காய்ச்சல்னா டோலோ போடலாமா?

போடலாம். டோலோ, கால்பால், குரோசின் எல்லாவற்றிலும் இருப்பது பாராசிட்டமால். பிபி உள்ளவர்களுக்கு, வலிக்கும் காய்ச்சலுக்கும் முதலில் எடுக்க வேண்டியது அதுதான். 650 மி.கி. மாத்திரை என்றால் ஒருவேளைக்கு ஒன்று, ஆறு மணி நேர இடைவெளி, ஒரு நாளைக்கு நான்குக்கு மேல் வேண்டாம். கல்லீரல் கோளாறு உள்ளவர்களும் தினமும் குடிக்கிறவர்களும் அந்த அளவையும் டாக்டரிடம் கேட்டுத்தான் எடுக்க வேண்டும்.

இரண்டு நாள், மூன்று நாள் போடுவதில் பயமில்லை. மாதக்கணக்கில் தினமும் முழு அளவு போடுவது வேறு. எடின்பரோவில் பிபி உள்ள 110 பேரை வைத்து நடந்த ஆய்வு ஒன்று 2022-இல் வெளியானது. தினமும் 4 கிராம் பாராசிட்டமால் இரண்டு வாரம் எடுத்தபோது மேல் அளவு சராசரியாக 5 புள்ளிக்குப் பக்கம் ஏறியிருந்தது. அதனால் தினமும் தேவைப்படுகிற வலி என்றால், வலிக்கு என்ன காரணம் என்று பார்க்கும் நேரம் வந்துவிட்டது என்று அர்த்தம்.

காம்பிஃபிளாம், வொவிரான், ஜீரோடால் எல்லாம் சாதாரண வலி மாத்திரைதானே? ஒண்ணு போட்டா என்ன ஆயிடப் போகுது?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிக்க நேரமிருக்கிறது என்றால் இதைப் படியுங்கள். காம்பிஃபிளாமில் பாராசிட்டமாலோடு ஐபுபுரோஃபென் இருக்கிறது. வொவிரானில் இருப்பது டைக்ளோஃபினாக். ஜீரோடாலில் அசிக்ளோஃபினாக். மாதவிலக்கு வலிக்கு வாங்கும் மெஃப்டாலில் மெஃபெனமிக் அமிலம். பெயர் வேறு வேறாக இருந்தாலும் வேலை ஒன்றுதான். உடம்பில் வலியையும் வீக்கத்தையும் உண்டாக்கும் ஒரு பொருளை இவை தடுக்கின்றன. அதே பொருள்தான் சிறுநீரகத்துக்கு ரத்தம் போகும் குழாயைத் திறந்து வைத்திருக்கிறது. அதைத் தடுத்தால் உப்பும் நீரும் உடம்பிலேயே தங்கும், பிபி ஏறும். நீங்கள் போடும் பிபி மாத்திரையின் பலனும் குறையும். 'சார்டான்', 'பிரில்', நீர் மாத்திரை போடுகிறவர்களுக்கு இது கூடுதலாகத் தெரியும், அம்லோடிபினோடு கொஞ்சம் குறைவு.

இதைவிடப் பெரிய ஆபத்து மூன்று சேரும்போது வருகிறது. 'சார்டான்' அல்லது 'பிரில்' ஒன்று, நீர் மாத்திரை ஒன்று, அதோடு இந்த வலி மாத்திரை ஒன்று. மூன்றும் மூன்று பக்கத்திலிருந்து சிறுநீரகத்தை நெருக்குகின்றன. திடீர் சிறுநீரகச் செயலிழப்பு வரலாம், அதிலும் வலி மாத்திரை ஆரம்பித்த முதல் 30 நாளில்தான் ஆபத்து அதிகம். டெல்மிசார்டான் 'எச்' மாத்திரை போடுகிறவருக்கு முதல் இரண்டும் ஒரே மாத்திரையில் ஏற்கெனவே உள்ளே போய்விட்டன என்பதைக் கவனியுங்கள். மூன்றாவதை நாம் இரண்டு ரூபாய், மூன்று ரூபாய் கொடுத்து வாங்கிச் சேர்க்கிறோம். வெயில் காலம், தண்ணீர் சரியாகக் குடிக்காத நாள், பேதி, இவை கூடச் சேர்ந்தால் இன்னும் மோசம்.

பல் வலிக்கு ஒரே ஒரு மாத்திரை தெரியாமல் போட்டுவிட்டேன் என்று பதறி வருகிறவர்களுக்கு: பிபி கட்டுக்குள் இருந்து, சிறுநீரகமும் நன்றாக இருந்தால், ஒரு மாத்திரையால் பெரும்பாலும் ஒன்றும் ஆகாது. தண்ணீர் குடியுங்கள், அடுத்த வேளையிலிருந்து பாராசிட்டமாலுக்கு மாறுங்கள். நாள் கணக்கில், வாரக் கணக்கில் போடுவதுதான் கெடுக்கிறது. டாக்டரே எழுதிக் கொடுத்தால், "நான் பிபிக்கு இது போடுறேன், தெரியுமா சார்?" என்று சீட்டை வாங்கும்போதே கேட்டுவிடுங்கள். எலும்பு டாக்டருக்கு உங்கள் பிபி சீட்டு தெரிந்திருக்கும் என்று நம்பிக்கொண்டு இருக்காதீர்கள்.

மூட்டு வலி தினமும் இருக்கு தம்பி. அப்போ நான் என்னதான் பண்றது?

வலியோடு கிடங்கள் என்று யாரும் சொல்லவில்லை. முழங்கால் வலிக்கு மேலே தடவும் டைக்ளோஃபினாக் ஜெல் நல்ல வழி. தடவுவதில் மிகச் சிறு பங்குதான் ரத்தத்துக்குள் போகிறது. மாத்திரையில் வரும் தொல்லை அதில் வெகு குறைவு. ஆனால் உடம்பு முழுக்க, நாளுக்கு ஐந்தாறு முறை தடவக் கூடாது. தைலம், ஒத்தடம் இவற்றால் பிபிக்குக் கெடுதல் இல்லை.

முழங்காலுக்குத் தொடை தசையை வலுவாக்கும் பயிற்சி உண்மையிலேயே உதவும். அரசு மருத்துவமனையில் பிசியோதெரபி பிரிவு இருந்தால் கேளுங்கள். "வலிக்கு ஒரு ஊசி போட்டா சரியாயிடும்" என்று கிளினிக் போகிறவர்கள், அந்த ஊசி பெரும்பாலும் மேலே சொன்ன அதே டைக்ளோஃபினாக்தான் என்று தெரிந்துகொண்டு, பிபி இருப்பதைச் சொல்லிவிட்டு ஊசிக்குக் கையை நீட்டுங்கள்.

சளி, மூக்கடைப்பு, உடம்பு வலி. ஒரு செட் மாத்திரை குடுங்கண்ணா.

பிபி உள்ளவர்களுக்கு செட் வேண்டாம். அட்டையிலிருந்து வெட்டி, காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் நாலு மாத்திரையில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கும் தெரியாது, வீட்டில் யாருக்கும் தெரியாது. அதில் ஒன்று பெரும்பாலும் மேலே சொன்ன வலி மாத்திரையாக இருக்கும். இன்னொன்று சளி மாத்திரை. சில இடங்களில் ஒரு ஸ்டீராய்டும் சேரும். மறுநாளே தெம்பு வந்தது போல இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். ஸ்டீராய்டு பிபியையும் ஏற்றும், சர்க்கரையையும் ஏற்றும்.

சளி மாத்திரைகளில் கவனிக்க வேண்டிய பெயர்கள் ஃபினைலெஃப்ரின், சூடோஎஃபெட்ரின். இவை மூக்கின் உள்ளே ரத்தக் குழாய்களைச் சுருக்கி அடைப்பை எடுக்கச் செய்த மருந்துகள். மூக்கோடு நிற்காமல் உடம்பு முழுக்கச் சுருக்கும் என்பதுதான் பிபி உள்ளவர்களுக்குப் பிரச்சினை. நம் ஊரில் சீட்டில்லாமல் வாங்கும் பெரும்பாலான சளி மாத்திரைகளில் ஃபினைலெஃப்ரின் இருக்கிறது. அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பின் நிபுணர் குழு 2023-இல் இதை ஆராய்ந்து, வாய்வழியாக எடுக்கும் ஃபினைலெஃப்ரினால் மூக்கடைப்புக்குப் பயனில்லை என்று ஒரே குரலில் சொன்னது. பலன் இல்லாத ஒன்றுக்காக பிபியை ஏன் சோதிக்க வேண்டும்?

அப்புறம் என்ன செய்வது? உப்பு நீர் மூக்குச் சொட்டு மருந்து, வெந்நீர் ஆவி, காய்ச்சல் இருந்தால் பாராசிட்டமால் மட்டும். மூக்கு ஒழுகல், தும்மல் இருந்தால் லெவோசெட்ரிசின் அல்லது செட்ரிசின் இரவில் ஒன்று. அதில் பிபி ஏறாது, தூக்கம் வரும், வண்டி ஓட்ட வேண்டாம். ஓட்ரிவின், நாசிவியான் போன்ற அடைப்பு நீக்கும் ஸ்பிரேக்களை பிபி கட்டுக்குள் இல்லாதவர்கள் தொடாமலிருப்பது நல்லது. மற்றவர்களும் மூன்று நாளோடு நிறுத்திக்கொள்ளுங்கள். தொடர்ந்து அடித்தால் மருந்து இறங்கியதும் மூக்கு முன்னைவிட அதிகமாக அடைக்கும். மழைக்காலத்தில் டெங்கு சந்தேகம் இருந்தால் ஐபுபுரோஃபென், டைக்ளோஃபினாக் பிபி இல்லாதவருக்கும் கூடாது.

ரெண்டு மாசமா வறட்டு இருமல். மூணு சிரப் மாத்தியாச்சு, நிக்கவே இல்ல.

நீங்கள் போடுவது 'பிரில்' என்று முடியும் மாத்திரையா? ஆம் என்றால் இருமலே அந்த மாத்திரையால் வந்திருக்கலாம். எனாலபிரில், ராமிபிரில் போடுகிறவர்களில் கணிசமானவர்களுக்கு இது வரும். சளி இருக்காது, தொண்டையில் கிச்சுக்கிச்சு மூட்டுவது போல இருக்கும், இரவில் அதிகம். சிரப்புக்கு இது அடங்காது. டாக்டரிடம் சொன்னால் 'சார்டான்' வகைக்கு மாற்றுவார். மாற்றிய பிறகு பொதுவாக ஒன்று முதல் நான்கு வாரத்தில் நிற்கும், சிலருக்கு மூன்று மாதம்கூட ஆகும். நீங்களாக நிறுத்திவிட்டுச் சும்மா இருக்காதீர்கள். இருமல் நின்று பிபி ஏறிவிடும். அதோடு, இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் என்றால் காச நோய்க்கான சளிப் பரிசோதனையும் செய்துவிட வேண்டும், மாத்திரைமேல் மட்டும் பழியைப் போட்டுவிடக் கூடாது.

இதே மாத்திரையில் எப்போதாவது உதடு, நாக்கு, முகம் வீங்கினால் காத்திருக்காதீர்கள். அது அவசரம். 108-ஐக் கூப்பிடுங்கள். அந்த மருந்தை மறுபடி எப்போதும் எடுக்கக் கூடாது.

சாப்பிட்டதும் கேஸ். தினமும் ஈனோ குடிக்கிறேன், அது மருந்தே இல்லையே?

பொங்கி வரும் அந்தப் பொடியில் பெரும்பகுதி சோடா உப்பு. 5 கிராம் பாக்கெட் ஒன்றில் 800 மி.கி.க்கு மேல் சோடியம் இருக்கிறது. ஒரு நாள் முழுக்கச் சாப்பாட்டில் சேர்த்தே 2000 மி.கி.க்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அது சுமார் ஒரு டீஸ்பூன் உப்பு. சாம்பாரில் உப்பைக் குறைத்துவிட்டு ஈனோவில் குடித்தால் கணக்கு எப்படிச் சரியாகும்? தண்ணீரில் கரைந்து பொங்கும் வலி மாத்திரைகளுக்கும் இதே பதில்தான்.

ஜெலுசில், டைஜின் போன்றவை எப்போதாவது என்றால் சரி. பிபி மாத்திரைக்கும் இவற்றுக்கும் இரண்டு மணி நேரம் இடைவெளி விடுங்கள், சில மாத்திரைகளை இவை உடம்பில் சேரவிடாமல் செய்யும். காலையில் வெறும் வயிற்றில் போடும் பாண்டோபிரசோல் பிபி மாத்திரையோடு சண்டை போடாது. ஆனால் நீர் மாத்திரையும் சேர்த்து வருடக்கணக்கில் போடுகிறவர்களுக்கு மக்னீசியம் குறையலாம். கால் நரம்பு இழுப்பது, படபடப்பு இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்.

இந்துப்பு பிபிக்கு நல்லதுன்னு சொல்றாங்களே?

இல்லை. இந்துப்பும் சோடியம் குளோரைடுதான். நிறம் வேறு, விலை வேறு. பிபிக்கு நல்லது என்று நம்பி ஒரு கை கூடுதலாகப் போடுவதால் கெடுதலே அதிகம். ஊறுகாய், அப்பளம், கருவாடு மூன்றையும் குறைத்தாலே நிறைய மிச்சம்.

சோடியம் குறைத்த உப்பு என்று விற்பது வேறு. அதில் சோடியத்தின் ஒரு பங்குக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரகம் நன்றாக இருக்கிற பலருக்கு அது பிபியைக் குறைக்க உதவும். ஆனால் 'சார்டான்', 'பிரில்', ஸ்பைரோனோலாக்டோன் என்ற தனி வகை நீர் மாத்திரை, இவை பொட்டாசியத்தை உடம்பிலேயே தங்கவைக்கும். அவற்றோடு இந்த உப்பும், தினமும் இரண்டு இளநீரும் சேர்ந்தால் பொட்டாசியம் ஏறி இதயத் துடிப்பே தாறுமாறாகலாம். கிரியேட்டினின் (சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று காட்டுவது), பொட்டாசியம் ரத்தப் பரிசோதனை செய்து டாக்டர் சரி என்று சொன்ன பிறகு வாங்குங்கள். அளவாக ஒரு வாழைப்பழம் சாப்பிடுவதை யாரும் நிறுத்த வேண்டியதில்லை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களைத் தவிர.

நாட்டு மருந்துல சைடு எஃபெக்ட் கிடையாதே. அதையும் சேர்த்து எடுத்துக்கலாம்ல?

வேலை செய்கிற எந்த மருந்துக்கும் பக்க விளைவு உண்டு, அது வேரானாலும் மாத்திரையானாலும். எனக்கு நாட்டு மருந்துமேல் மரியாதை இருக்கிறது. அதனால்தான் அதை வெறும் தண்ணீர் மாதிரி நினைக்காதீர்கள் என்கிறேன்.

தொண்டைக்கட்டு, இருமலுக்கு வாயில் அடக்கிக்கொள்ளும் அதிமதுரம் எல்லார் வீட்டிலும் இருக்கும். இரண்டு நாள் ஒரு துண்டு என்றால் சரி. தினமும் பொடியாக, கஷாயமாக வாரக்கணக்கில் எடுத்தால் உப்பும் நீரும் உடம்பில் தங்கி பிபி ஏறும், பொட்டாசியம் குறையும். நீர் மாத்திரையும் பொட்டாசியத்தைக் குறைக்கும் என்பதால் இரண்டும் சேர்ந்தால் கை கால் சோர்வு, துடிப்புக் கோளாறு வரை போகலாம்.

சர்ப்பகந்தா இதற்கு நேர் எதிர். அதன் வேர் பிபியை நிஜமாகவே குறைக்கும். பம்பாய் இதய மருத்துவர் ருஸ்தம் ஜால் வகீல் 1949-இல் அதைப் பற்றி எழுதிய கட்டுரைதான் உலகத்தின் கவனத்தை அதன் பக்கம் திருப்பியது. அடுத்த சில ஆண்டுகளில் அதிலிருந்து ரெசர்பின் என்ற மருந்தையே பிரித்தெடுத்தார்கள். அவ்வளவு வலுவான வேரை அட்டெனலாலோடும் அம்லோடிபினோடும் சேர்த்தால் பிபி ரொம்ப இறங்கித் தலைசுற்றி விழலாம். மனச் சோர்வையும் அது கொண்டுவரும். சித்த மருத்துவரிடம் போனால் உங்கள் ஆங்கில மருந்துச் சீட்டைக் காட்டுங்கள், உங்கள் பிபி டாக்டரிடம் அந்தச் சித்த மருந்தைச் சொல்லுங்கள். பெயரே ஒட்டாத டப்பாவில், 'மூட்டு வலிக்கு ஒரே வாரத்தில் குணம்' என்று கொடுக்கும் பொடியை மட்டும் தொடாதீர்கள். அப்படிப்பட்டவற்றில் ஸ்டீராய்டு கலந்திருப்பது பலமுறை கண்டுபிடிக்கப்பட்டிருக்கிறது. முருங்கைக் கீரையும் பூண்டும் சாப்பாடு, தாராளமாகச் சாப்பிடுங்கள், மாத்திரைக்குப் பதிலாக மட்டும் வேண்டாம்.

வாந்தி, பேதி. பிபி மாத்திரையை நிறுத்தணுமா? ஓஆர்எஸ்ல உப்பு இருக்கே, குடிக்கலாமா?

ஓஆர்எஸ் குடிக்கலாம், குடிக்க வேண்டும். போகிற உப்பையும் நீரையும்தான் அது திருப்பிக் கொடுக்கிறது. பேதி நின்றதும் நிறுத்திவிடுங்கள், களைப்புக்கு தினமும் குடிக்கும் பானம் அல்ல அது.

மாத்திரை விஷயத்தில், உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது 'சார்டான்', 'பிரில்', நீர் மாத்திரை ஆகியவை சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தும். அதனால் சாப்பிட முடியாத அளவு வாந்தி, பேதி இருந்தால் ஒன்றிரண்டு நாள் இவற்றை நிறுத்தச் சொல்வது வழக்கம், நன்றாகச் சாப்பிட ஆரம்பித்து 24 முதல் 48 மணி நேரத்தில் மறுபடி தொடங்க வேண்டும். சர்க்கரைக்குப் போடும் மெட்ஃபார்மின், டாபாகிளிஃப்ளோசின் இரண்டுக்கும் இதே யோசனை. ஆனால் அன்றைக்கே டாக்டரிடம் போனில் கேட்டுவிட்டுச் செய்யுங்கள். 'லால்' வகையையும் குளோனிடின் என்ற பிபி மருந்தையும் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவே கூடாது, பிபியும் துடிப்பும் எகிறும், இதய நோயாளிக்கு நெஞ்சு வலி வரலாம்.

மக்களைத் தேடி மருத்துவத்துலயும் மாத்திரை தர்றாங்க, வெளி டாக்டரும் எழுதியிருக்கார். ரெண்டையும் போடலாமா?

2021 ஆகஸ்டில் தொடங்கிய அந்தத் திட்டத்தால் வீட்டு வாசலுக்கே மாத்திரை வருகிறது, நல்ல விஷயம். ஆனால் அங்கே கொடுத்ததும் அம்லோடிபின், வெளியில் வேறு பெயரில் வாங்கியதும் அம்லோடிபின் என்றால் நீங்கள் இரட்டை அளவு சாப்பிடுகிறீர்கள். நிறம் வேறு, அட்டை வேறு என்பதால் தெரியாமல் போகிறது. டாக்டர் மாத்திரையை மாற்றியபோது பழையதை நிறுத்தச் சொன்னது காதில் விழாமல் இரண்டையும் தொடர்கிறவர்களும் உண்டு. 'சார்டான்' ஒன்றும் 'பிரில்' ஒன்றும் சேர்ந்திருந்தாலும் தவறு. முதல் பதிலில் சொன்னபடி சின்ன எழுத்தைப் பாருங்கள். இல்லாவிட்டால் வீட்டிலிருக்கும் எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள், எந்த மருந்தாளுநரும் ஐந்து நிமிடத்தில் பிரித்துச் சொல்வார்.

முதல்வர் மருந்தகம், மக்கள் மருந்தகம் ஆகியவற்றில் விலை குறைவாகக் கிடைப்பதும் அதே மருந்துதான். அங்கே வாங்கலாம். பழைய அட்டையோடு இதையும் சேர்த்துப் போடாமல் இருந்தால் போதும்.

ஆன்டிபயாட்டிக் எழுதியிருக்காங்க. பிபி மாத்திரையோட ஒத்துப்போகுமா?

அமாக்ஸிசிலின், அசித்ரோமைசின், செஃபிக்சிம் எல்லாம் பெரும்பாலும் தொல்லையில்லை. இரண்டில் கவனம் தேவை. ஒன்று கிளாரித்ரோமைசின். அம்லோடிபின் போன்ற 'டிபின்' மருந்துகளை உடம்பு வெளியேற்றவிடாமல் அது தேக்கிவிடும். பிபி ரொம்ப இறங்கலாம், முதியவர்களுக்குச் சிறுநீரகம் பாதிக்கலாம். வயிற்றுப் புண் கிருமிக்குக் கொடுக்கும் மருந்து செட்டில் இது இருக்கும். எரித்ரோமைசினும் அப்படியே. அடுத்தது, சிறுநீர்த் தொற்றுக்குக் கொடுக்கும் கோட்ரைமாக்ஸசோல். 'சார்டான்', 'பிரில்', ஸ்பைரோனோலாக்டோனோடு சேர்ந்தால் பொட்டாசியம் ஏறும். வயதானவர்கள் டாக்டரிடம் மாற்று மருந்து கேட்பது நல்லது.

கால் வீங்குது. நீர் மாத்திரை ஒண்ணு வாங்கிப் போட்டுக்கவா?

வேண்டாம். அம்லோடிபின் போடுகிறவர்களுக்குக் கணுக்கால் வீங்குவது சகஜம், அளவு கூடினால் வீக்கமும் கூடும். இது உடம்பில் நீர் கூடியதால் வருவது அல்ல. ரத்தக் குழாய் தளர்ந்து, நீர் கசிந்து காலில் இறங்குகிறது. நீர் மாத்திரைக்கு அது சரியாகக் கேட்காது, ஆனால் சோடியம், பொட்டாசியம் குறையும். அப்புறம் அதற்கு ஒரு மருந்து என்று போய்க்கொண்டே இருக்கும். அளவைக் குறைப்பது, சில்னிடிபினுக்கு மாற்றுவது, 'சார்டான்' சேர்ப்பது என்று டாக்டருக்கு வழிகள் இருக்கின்றன. ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தாலோ, வீக்கத்தோடு மூச்சு வாங்கினாலோ அன்றே காட்டுங்கள்.

சர்க்கரை, கொலஸ்ட்ரால், எகோஸ்பிரின் எல்லாம் கூடவே போடுறேன். பரவால்லையா?

பெரும்பாலும் பரவாயில்லை, சேர்த்தேதான் கொடுப்பார்கள். ரத்தம் உறையாமலிருக்கப் போடும் 75 மி.கி. எகோஸ்பிரின் (ஆஸ்பிரின்) பிபியை ஏற்றாது. ஆனால் ஐபுபுரோஃபென் அதன் வேலையைக் கெடுக்கும், காம்பிஃபிளாம் வேண்டாம் என்பதற்கு இன்னொரு காரணம் இது. கொலஸ்ட்ரால் மாத்திரைகளில், அம்லோடிபினோடு சிம்வாஸ்டாட்டின் 20 மி.கி.க்கு மேல் கூடாது. அடோர்வாஸ்டாட்டின், ரோசுவாஸ்டாட்டின் சரி. 'லால்' வகை போடும் சர்க்கரை நோயாளிகளுக்கு, சர்க்கரை இறங்கும்போது வரும் படபடப்பு தெரியாமல் போகலாம். வியர்வை மட்டும் தெரியும். திடீரென்று குப்பென்று வியர்த்தால் உடனே சர்க்கரை அளவைப் பாருங்கள்.

(தனியாக வந்து, மெதுவாக) அண்ணா, பிபி இருந்தா வயாகரா போடலாமா?

கூச்சப்பட வேண்டாம், இது அவசியமான கேள்வி. வயாகராவில் இருக்கும் சில்டெனாஃபிலை, பிபி கட்டுக்குள் இருந்தால் பலரும் எடுக்கலாம், பிபி இன்னும் கொஞ்சம் இறங்கும். ஆனால் நெஞ்சு வலிக்கு நாக்கின் அடியில் வைக்கும் சார்பிட்ரேட் போன்ற நைட்ரேட் மருந்து எடுக்கிறவர்கள் தொடவே கூடாது. இரண்டும் சேர்ந்தால் பிபி அபாயகரமாகச் சரிந்து உயிரே போகலாம். போட்ட பிறகு நெஞ்சு வலி வந்து ஆஸ்பத்திரி போனால், வெட்கப்படாமல் அதைச் சொல்லிவிடுங்கள். பிபிக்கு பிரசோசின், புராஸ்டேட்டுக்கு டாம்சுலோசின் எடுப்பவர்களுக்கும் எழுந்திருக்கும்போது தலை சுற்றும். சீட்டில்லாமல் வாங்காதீர்கள்.

கண்ணுக்கு சொட்டு மருந்து விடுறேன். அதுக்கும் பிபி மாத்திரைக்கும் என்ன சம்பந்தம்?

கண் அழுத்தத்துக்குக் கொடுக்கும் டிமோலால் சொட்டு மருந்தும் 'லால்' வகைதான். கண்ணிலிருந்து மூக்குக்குள் இறங்கி ரத்தத்தில் சேரும். அட்டெனலால், மெட்டோபுரோலாலோடு சேர்ந்து நாடித் துடிப்பை ரொம்பக் குறைக்கலாம். மயக்கம், அதிகச் சோர்வு இருந்தால் நாடியைப் பாருங்கள். சொட்டு விட்டதும் கண்ணின் உள்மூலையை மூக்கோடு சேர்த்து இரண்டு நிமிடம் அழுத்திப் பிடித்தால் உள்ளே போவது குறையும். கண் டாக்டரிடம் பிபி மாத்திரையைச் சொல்ல வேண்டும் என்று யாருக்கும் தோன்றுவதில்லை.

காலைல போட மறந்துட்டேன். ராத்திரி ரெண்டா போட்டுக்கவா?

ஞாபகம் வந்ததும் ஒன்று போடுங்கள். அடுத்த வேளைக்கு நேரம் நெருங்கிவிட்டால் விட்டுவிடுங்கள். இரண்டாகப் போடவே கூடாது. காலையா இரவா என்று குழம்பவும் வேண்டாம். பிரிட்டனில் 21,000-க்கும் மேற்பட்டவர்களை வைத்து நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், எந்த நேரம் போட்டாலும் மாரடைப்பு, பக்கவாதத்தில் வித்தியாசம் இல்லை என்று தெரிந்தது. மறக்காத நேரம்தான் நல்ல நேரம். நீர் மாத்திரையை மட்டும் காலையில் போட்டால் இரவில் எழுந்திருக்க வேண்டியதில்லை. வெறும் வயிற்று ரத்தப் பரிசோதனை நாளிலும் கொஞ்சம் தண்ணீரோடு பிபி மாத்திரை போடலாம். ஆபரேஷன் என்றால் மயக்க மருந்து டாக்டரிடம் கேளுங்கள், சிலவற்றை அன்று காலை நிறுத்தச் சொல்வார்.

வீட்டு மெஷின்ல 170 காட்டுது. இன்னொரு மாத்திரை போடலாமா?

போடாதீர்கள். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து உட்கார்ந்து, பேசாமல், மறுபடி பாருங்கள். வலி, பயம், சிறுநீரை அடக்கி வைத்திருப்பது, இப்போதுதான் குடித்த காபி எல்லாமே ஏற்றும். முந்தைய இரண்டு மூன்று நாளில் வலி மாத்திரையோ செட் மாத்திரையோ போட்டீர்களா என்று யோசியுங்கள், காரணம் அங்கேயே இருக்கலாம். நிஃபெடிபின் மாத்திரையைக் கடித்து நாக்கின் அடியில் வைப்பது பழைய பழக்கம். பிபி சட்டென்று சரிந்து பக்கவாதமே வரலாம், அதைச் செய்யாதீர்கள். தொடர்ந்து அதிகமாகவே காட்டினால் ஓரிரு நாளில் டாக்டரைப் பாருங்கள். 180/120-க்கு மேல் இருந்தால் அன்றே பாருங்கள். நெஞ்சு வலி, மூச்சுத் திணறல், வாய் கோணல், பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் விழுவது, இவற்றில் ஒன்று இருந்தால் மெஷின் என்ன காட்டினாலும் 108.

என் பொண்ணு சின்ன வயசுலேயே டெல்மிசார்டான் போடுறா. இப்போ நாள் தள்ளிப்போயிருக்கு.

இன்றைக்கே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். 'சார்டான்', 'பிரில்' இரண்டும் கர்ப்பத்தில் கூடாது, குழந்தையின் சிறுநீரகத்தைப் பாதிக்கும். முக்கியமாக நான்காவது மாதத்திலிருந்து. ஆரம்பத்திலேயே தெரிந்து மாற்றிவிட்டால் பெரும்பாலும் பயப்படத் தேவையில்லை. லேபிடலால், மெத்தில்டோபா, நிஃபெடிபின் என்று கர்ப்பத்தில் கொடுக்கும் மருந்துகள் இருக்கின்றன. அட்டெனலாலும் கர்ப்பத்துக்கு ஏற்றதல்ல. மாத்திரையை நிறுத்திவிட்டு வேறு எதுவும் போடாமல் இருப்பதும் தாய்க்கும் பிள்ளைக்கும் ஆபத்து, அதனால் மாற்று மருந்து அன்றே தொடங்க வேண்டும்.

குழந்தை வேண்டும் என்று நினைக்கும்போதே டாக்டரிடம் சொல்லி முன்கூட்டி மாற்றிக்கொள்வது இன்னும் நல்லது. இப்போதைக்குக் குழந்தை வேண்டாம் என்கிறவர்கள் மாலா-என் போன்ற கருத்தடை மாத்திரையைத் தாங்களாக ஆரம்பிக்க வேண்டாம், அதிலுள்ள ஈஸ்ட்ரோஜன் பிபியை ஏற்றும். காப்பர்-டி போன்ற ஹார்மோன் இல்லாத வழியை ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்கலாம்.